குதிரைவாலி மில்லுக்கு 35% மானியம்: பணம் எப்போ, யார் கைக்கு வரும்?

உணவு பதப்படுத்தும் தொழில் பத்தி வீடியோ போட்டாலே "சார், 10 லட்சம் மானியம் எப்போ அக்கவுண்ட்ல ஏறும்?"னுதான் கேள்வி வருது. நேராவே சொல்லிடறேன். உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்ல அது ஏறவே ஏறாது.

பேசுறது பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம் பத்தி. 2020 ஜூனில் தொடங்கி, 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. அதனால இப்போ விண்ணப்பம் வாங்குறாங்களான்னு மாவட்டத் தொழில் மையத்தில் முதல்ல கேட்டுக்குங்க. மானியம் 35%, உச்சவரம்பு 10 லட்சம். கையிலிருந்து குறைந்தது 10% போடணும். மீதி பேங்க் கடன்.

டி.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் வானம் பார்த்த பூமி. குதிரைவாலி நல்லா வரும். அங்க ஒருத்தர் தோல் நீக்குற மெஷின், கல் பொறுக்குற மெஷின் எல்லாம் சேர்த்து 10 லட்சத்துக்கு வாங்குறார்னு வச்சுக்குவோம். கைப்பணம் 1 லட்சம், மானியம் 3.5 லட்சம், அப்போ கடன் 5.5 லட்சம்தானே? இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. பேங்க் கொடுக்கிற கடன் 9 லட்சம். 3.5 லட்சம் பிறகு வந்து, உங்க கடனுக்கு எதிரா தனிக் கணக்கில் உட்காரும். அது வந்த பிறகு அந்தத் தொகைக்கு வட்டி இல்லை. கடைசித் தவணை கடன் கொடுத்து 3 வருஷம் கழிச்சு, கடன் கணக்கு ஒழுங்கா இருந்து யூனிட்டும் ஓடிட்டு இருந்தாத்தான் கடன்ல கழிப்பாங்க.

வட்டி 11%னு வச்சா, 9 லட்சத்துக்கு மாசம் 8,250 ரூபாய். மானியம் வந்ததுக்கப்புறம் 5.5 லட்சத்துக்கு சுமார் 5,040. முதல் சில மாசம் பெரிய தொகையைத் தாங்குற வியாபாரம் இருக்கான்னு பாருங்க. நிலத்தோட விலை திட்டச் செலவில் சேராது. குதிரைவாலி கொள்முதலுக்கான நடைமுறை மூலதனத்துக்கும் மானியம் கிடையாது. சீசன்ல சரக்கு வாங்கக் காசில்லாம மெஷின் சும்மா நின்னா, 3 வருஷக் கணக்கே ஆட்டம் காணும்.

"கொட்டேஷனை 14 லட்சமா காட்டுங்க, கைப்பணமே வேண்டாம்"னு சொல்ற புரோக்கர் இருப்பார். அந்த மாதிரி ஃபைல்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். மோசடிங்கிறது ஒரு பக்கம்; ஏத்திக் காட்டின 4 லட்சத்துக்கும் வட்டி கட்டப்போறது நீங்கதான், புரோக்கர் இல்ல.

இயற்கை விவசாய மானியம் வேற கதை. பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனாவில் ஹெக்டேருக்கு 3 வருஷத்துக்கு 31,500 ரூபாய்னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. அதுல இடுபொருளுக்காக விவசாயிக்கு நேரடியா வர்றது 15,000. ஏக்கருக்கு மாத்துங்க: வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய். மீதி சான்றிதழ், பயிற்சி, சந்தைப்படுத்தல் மாதிரி செலவுகளுக்கு. தனி ஆளா போக முடியாது, குழுவாத்தான் சேரணும். ரசாயனம் விட்ட முதல் வருஷங்கள்ல மகசூல் குறைஞ்சா இந்த 2,000 ஈடுகட்டாது. மண்ணுக்காகச் செய்றவங்க செய்யுங்க, மானியத்துக்காக வேண்டாம்.

இனி என் ஏரியா, வரி. மானியம் வருமானமா? மெஷினுக்காக வந்த 3.5 லட்சத்தை மெஷின் விலையில் கழிக்கணும். தேய்மானம் 10 லட்சத்துக்கு இல்ல, 6.5 லட்சத்துக்குத்தான். 15% விகிதத்தில் 1,50,000க்குப் பதிலா 97,500. உத்தேச வரி முறையில் கணக்குக் காட்டுறவங்களுக்கு இந்தத் தலைவலி இல்ல.

இன்னொண்ணு. வயல்ல விளைஞ்ச குதிரைவாலியை அப்படியே வித்தா விவசாய வருமானம், வரி இல்ல. அதையே மாவாக்கி, முறுக்காக்கி வித்தா வியாபார வருமானம். ஆனா சொந்த வயல் தானியத்தோட சந்தை மதிப்பை வியாபாரச் செலவாக் கழிச்சுக்கலாம்; அந்தப் பகுதி விவசாய வருமானமாவே நிற்கும். இதுக்கு ஆதாரம் வேணும். அறுவடை சமயத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் என்ன விலை போச்சுங்கிற சீட்டு, எத்தனை மூட்டை மில்லுக்குப் போச்சுங்கிற நோட்டு, ரெண்டையும் மெஷின் பில்லோட ஒரே ஃபைல்ல போட்டு வைங்க.