ராத்திரி முழுக்க ரெண்டர், காலையில ஓடாத எம்பி4

போன செமஸ்டர் நடந்த கதை. பிளெண்டர்ல 90 விநாடி அனிமேஷன், மறுநாள் காலை ரிவ்யூ. அவுட்புட்டை நேரா எம்பி4னு வச்சு, ராத்திரி 11 மணிக்கு ரெண்டர் போட்டுட்டுத் தூங்கிட்டேன். விடியற்காலை 5 மணிக்கு ஆவடியில எங்க தெருவுல கரண்ட் கட். என் லேப்டாப் பேட்டரி பேருக்குத்தான் பேட்டரி. ஒரு ஃபிரேமுக்கு 12 விநாடினு கணக்குப் போட்டா, 2160 ஃபிரேம்ல 1800 முடிஞ்சிருக்கும். ஃபைல் இருக்கு, சைஸும் காட்டுது, எந்த பிளேயர்லயும் ஓடல. ரிவ்யூல ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி வாயாலயே படம் ஓட்டினேன்.

காரணம் அப்புறம்தான் புரிஞ்சது. எந்த ஃபிரேம் ஃபைலுக்குள்ள எங்க இருக்குங்கிற அட்டவணையை எம்பி4 வழக்கமா கடைசியிலதான் எழுதும். அது எழுதுறதுக்குள்ள நின்னுட்டா, 6 மணி நேர வேலையும் திறக்க முடியாத மூட்டை.

அதனால ரெண்டரை எப்பவும் பி.என்.ஜி படங்களா எடுங்க. ஃபிரேமுக்கு ஒரு ஃபைல். கரண்ட் போனாலும் 1800 படம் பத்திரமா இருக்கும். பிளெண்டர் அவுட்புட்ல 'ஓவர்ரைட்' டிக்கை எடுத்துட்டுத் திரும்ப ரெண்டர் கொடுத்தா, இருக்கிற ஃபிரேமைத் தாண்டி மிச்சத்தை மட்டும் போடும். ஆனா கரண்ட் போன நேரத்துல பாதி எழுதின கடைசிப் படத்தை முதல்ல டெலிட் பண்ணுங்க, இல்லன்னா அதையும் முடிஞ்சதுனு நினைச்சுத் தாண்டிடும். ஒரு ஷாட்ல மட்டும் தப்புன்னா அந்த 40 ஃபிரேமை மட்டும் மாத்தலாம்.

இடம் அடைக்கும், உண்மைதான். என் படத்துல ஒரு பி.என்.ஜி சுமார் 2 எம்பி, மொத்தம் 4 ஜிபிக்கு மேல. படம் முடிஞ்சதும் அழிச்சுக்கலாம்.

"எம்பி4ல எக்ஸ்போர்ட் பண்ணு"னு சொல்றதே பாதித் தகவல்தான். எம்பி4, எம்ஓவி எல்லாம் டிபன் பாக்ஸ். உள்ள இருக்கிற சாப்பாடு கோடெக்: எச்.264, புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர். ஒரே எம்ஓவி பாக்ஸுக்குள்ள எச்.264ம் இருக்கலாம், புரோரெஸும் இருக்கலாம்.

எச்.264 பார்க்கிறதுக்கு உருவானது. எல்லா ஃபிரேமையும் முழுசா வைக்காது. நடுநடுவே ஒரு முழு ஃபிரேம், மத்ததுக்கெல்லாம் என்ன மாறுச்சுங்கிற குறிப்பு மட்டும். டைம்லைன்ல நடுவுல எங்கயாவது கிளிக் பண்ணா, எடிட்டர் பழைய ஃபிரேமையெல்லாம் பிரிச்சுக் கணக்குப் போட்டுத்தான் காட்டணும். லேப் கம்ப்யூட்டர் திணறுறது இதனாலயும்தான். டிஎன்எக்ஸ்எச்ஆர், புரோரெஸ்ல ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி. ஃபைல் பெருசு, எடிட்டிங் லகு.

இன்னொன்னு, எச்.264ல சாதாரணமா நாலு பிக்ஸல் சேர்ந்து ஒரே நிற விவரத்தைப் பகிர்ந்துக்கும். கேமராவுல எடுத்த முகத்துல இது தெரியாது. கோலம் மாதிரி கூரான கோடு, நீலத்து மேல சிவப்பு எழுத்து இதெல்லாம் இருக்கிற அனிமேஷன்ல ஓரம் மசமசன்னு காட்டிக்கொடுத்துடும். அதை எடிட் பண்ணித் திரும்ப எம்பி4, யூடியூப் தன் பங்குக்கு இன்னொரு தடவை அமுக்கும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸ் எப்படி இருக்கும்னு பரீட்சை சீசன்ல எல்லாருக்கும் தெரியும்.

பின்னணி இல்லாத கேரக்டர், லோகோ வேணும்னா எச்.264 கிட்ட போகவே வேண்டாம்; டிரான்ஸ்பரன்சி தாங்காது. ஆர்ஜிபிஏ பி.என்.ஜி, இல்லன்னா புரோரெஸ் 4444.

ஃபிரேம் ரேட் சின்ன விஷயம், ஆனா கழுத்தறுக்கும். பிளெண்டர் தானா 24 வச்சிருக்கும். டைம்லைன் 30ல இருந்தா விநாடிக்கு 6 ஃபிரேம் ரெண்டு தடவை வரும், நடை தத்தித்தத்திப் போகும். பி.என்.ஜி வரிசையை 24க்குப் பதிலா 30னு எடிட்டர் எடுத்துக்கிட்டா இன்னும் மோசம், 90 விநாடிப் படம் 72 விநாடியில முடிஞ்சிடும், வசனம் வாயோட ஒட்டாது. ஆரம்பத்துலயே ரெண்டையும் ஒண்ணா வச்சிடுங்க.

எம்பி4க்கு வேலை கடைசியிலதான். எச்.264, 1080பி, 24 ஃபிரேமுக்கு யூடியூப் சொல்றது 8 எம்பிபிஎஸ். 90 விநாடிக்குச் சுமார் 90 எம்பி வரும். காலேஜ் விழாத் திரைக்கு நான் 20 வைப்பேன்.

ரெண்டர் பண்ண நேரமில்லாம எடிட்டிங் மட்டும் பழகணும்னா, 2008ல வந்த பிளெண்டர் குறும்படம் 'பிக் பக் பன்னி'யோட ஃபிரேம்கள் பி.என்.ஜியாவே இலவசமா கிடைக்குது. பத்து நிமிஷப் படம்தான், ஆனா 14,000 ஃபிரேமுக்கு மேல. ஹாஸ்டல் வைஃபையில முழுசா இறக்காதீங்க, ஒரு ஷாட்டுக்குத் தேவையானதை மட்டும் எடுங்க.

முடிச்ச படத்தை டீம் குரூப்ல போடும்போது வீடியோவா அனுப்பாதீங்க, வாட்ஸ்அப் இன்னொரு தடவை அமுக்கிடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க.