முள்கம்பிக்குச் சாட்சி சொன்னவர்கள்

நம்ம கூட்டங்களில் காப்புரிமை என்று யாராவது வாயெடுத்தால் போதும், முகமெல்லாம் சுருங்கிப்போகும். வேம்பும் மஞ்சளும் பாசுமதியும் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாம். விதைக்கும் மூலிகைக்கும் அந்தக் கோபம் நியாயம்தான், அதில் ஒரு இம்மி குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இரும்பிலும் மோட்டாரிலும் கணினியிலும் கதை வேற மாதிரி போகுது. அங்கே காப்புரிமை வாங்கினவரும் விவசாயி, அதை எதிர்த்துச் சண்டை போட்டவர்களும் விவசாயிகள் என்று ஒரு கதை இருக்கு. நம்ம தோட்டத்து வேலியிலேயே அது தொங்கிட்டிருக்கு.

முள்கம்பியைத்தான் சொல்றேன்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து டிகால்ப் ஊரில் ஜோசப் கிளிடன் என்று ஒரு விவசாயி. 1873-இல் அந்த வட்டாரப் பொருட்காட்சிக்குப் போனார். ஹென்றி ரோஸ் என்ற இன்னொரு விவசாயி, மரச்சட்டத்தில் கூரான முனைகளைப் பதித்து வேலியில் மாட்டிக் காட்டினார். மாடு வந்து சாய்ந்தால் குத்தும். கிளிடன் வீட்டுக்கு வந்து, காப்பிக்கொட்டை அரைக்கிற கைமெஷினை வைத்துக் கம்பியை வளைத்து முள் செய்தார். முள் ஒரு இடத்தில் நிற்காமல் கம்பியோடு வழுக்கிக்கொண்டே போனது. பக்கத்தில் இன்னொரு கம்பியைச் சேர்த்து முறுக்கினார். முள் கப்பென்று பிடித்து நின்றது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு! 1874 நவம்பர் 24-இல் காப்புரிமை கிடைத்தது.

பாதி உரிமையை ஊர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். மீதியை 1876-இல் வாஷ்பர்ன் அண்ட் மோன் என்ற கம்பி ஆலை 60,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது. மேற்கொண்டு, விற்கிற கம்பிக்கு எடைக்கணக்கில் ராயல்டி. ஆலைக்காரர்கள் மற்றவர்களுடைய முள்கம்பிக் காப்புரிமைகளையும் வாங்கிக் குவித்து, யார் செய்தாலும் எங்களுக்குக் கட்டு என்று உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் அது வேலி போடுகிற விவசாயி தலையில்தானே விடியும்? ஐயோவா மாநிலத்து உழவர்கள் சங்கம் சேர்ந்தார்கள், ராயல்டி கட்டாத கம்பியைத் தாங்களே தயாரித்தார்கள், கோர்ட்டிலும் நின்றார்கள். அவர்களுக்கு வாதாடிய ஆல்பர்ட் கம்மின்ஸ் பிறகு அந்த மாநிலத்துக்கே ஆளுநர் ஆனார்.

இன்னொரு கம்பெனிமேல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அதில்தான் நமக்குப் பாடம் இருக்கு. கிளிடனுக்கு ரொம்ப முன்னாடியே, 1859 வாக்கில், டெல்லி பொருட்காட்சியில் மார்லி என்பவர் முள்வேலி காட்டினார் என்று எதிர்த்தரப்பு சொன்னது. (நம்ம டெல்லி இல்லீங்க, ஐயோவாவில் ஒரு சின்ன ஊருக்கும் அதே பெயர்.) கண்ணால் பார்த்தோம் என்று 20-க்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். 1892-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வருடக்கணக்கு கழித்து ஞாபகத்திலிருந்து சொல்வது நிற்காது, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்றது. கிளிடன் காப்புரிமை செல்லும் என்று தீர்ப்பு. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு 17 வருடம்தான் ஆயுள். தீர்ப்பு வருவதற்குள் அந்தக் காப்புரிமையே காலாவதி!

மார்லி வேலியை ஒருத்தர் படம் வரைந்து, தேதி போட்டு, உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி எழுதியிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேம்பு வழக்கில் அதுதான் மாறிப்போச்சு. பல வருடம் முன்பே வேப்பங்கொட்டையிலிருந்து பூச்சிவிரட்டி எடுத்த மகாராஷ்டிரத் தொழிற்சாலைக்காரர் ஒருவர் மியூனிக்குக்கு நேரில் போய்ச் சொன்னார். 2000-இல் ஐரோப்பியக் காப்புரிமை ரத்து, மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடி.

இப்போ நம்ம ஊர்ப் பட்டறைக்கு வருவோம். எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் களைவெட்டியில் பற்களை மாற்றி அமைத்து, ஈரமண் ஒட்டாமல் செய்தார். எல்லாருக்கும் கூப்பிட்டுக் காட்டினார். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அடுத்த பட்டத்துக்குள் அதே பல் வைத்த கருவி வேறு பெயரில் கடைக்கு வந்தாச்சு, விலை இரண்டு மடங்கு. "போனாப் போகுதுங்க, மண்ணு ஒட்டாம இருந்தாச் சரி"ங்கிறார் மனுசன். எனக்குத்தான் மனசு ஆறலை.

இவருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, காப்புரிமை. கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் தென்னை ஏறும் கருவி கண்டுபிடித்த அப்பச்சன் அப்படித்தான் வாங்கினார். இரண்டு காலுக்கும் தனித்தனிச் சட்டம், மரத்தைச் சுற்றி இரும்புக் கயிறு. எடையை வைத்தால் இறுகும், காலைத் தூக்கினால் தளரும். நம்ம பக்கம் இன்றைக்குப் பெண்கள்கூட அதை மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000, அதோடு வக்கீல் செலவு. முதலில் தற்காலிக விவரணம் கொடுத்துவிட்டு, முழு விவரத்துக்கு 12 மாதம் எடுத்துக்கலாம். கிடைத்தால் 20 வருடம். சென்னையில் அலுவலகம் கிண்டியில் இருக்கு. ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்னால் கண்காட்சியில் வைத்துவிட்டால் புதுமை போச்சு என்பார்கள், அதில் கவனம் வேணும்.

இன்னொன்று, உரிமையே வேண்டாம், ஆனால் எவனும் பூட்டிவிடவும் கூடாது என்று நினைப்பவர்களுக்கு. கருவியின் படம், அளவு, வேலை செய்கிற விதம் எல்லாவற்றையும் தேதியோடு அச்சில் வெளியிடுங்கள். இந்த இதழில் வந்தாலே போதும். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அதே கருவியைப் புதுசு என்று சொல்ல முடியாது, சொன்னால் பக்கத்தைக் காட்டி ஆட்சேபிக்கலாம். நான் இரண்டாவது கட்சி. ஆனால் பட்டறையை நம்பி மட்டுமே குடும்பம் நடத்துகிறவரிடம் போய் இதையே செய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சாகுபடி முறைக்கு நம்ம சட்டம் காப்புரிமை தருவதில்லை. ஒற்றை நாற்று நடவை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அந்த வரைக்கும் நிம்மதி.

கணினி நிரலுக்கும், அது நிரலாக மட்டும் இருந்தால், இங்கே காப்புரிமை கிடையாது. ஆனால் பூட்டு வேறு கதவில் தொங்குது, அதன் பெயர் பதிப்புரிமை. ஜான் டியர் டிராக்டரில் ஒரு பாகத்தை மாற்றினால்கூட டீலருடைய மென்பொருள் வந்து சரி சொன்னால்தான் வேலை ஓடும் என்று அமெரிக்க உழவர்கள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். மென்பொருள் பூட்டை உடைப்பது அங்கே 1998 சட்டப்படி குற்றம். 2015-இல்தான் ரிப்பேருக்கு மட்டும் டிராக்டருக்கு விலக்குக் கிடைத்தது. 2023-இல் கொலராடோ மாநிலம், பண்ணை இயந்திரத்தைப் பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. முள்கம்பிக் காப்புரிமையாவது 17 வருடத்தில் முடிந்தது. கம்பெனி மென்பொருளின் பதிப்புரிமை அங்கே 95 வருடம், டிராக்டர் துருப்பிடித்து மண்ணோடு மண்ணான பிறகும் பூட்டு உயிரோடு இருக்கும்.

நம்ம மத்திய அரசும் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது, பண்ணைக் கருவிகளையும் அதில் சேர்த்திருக்கு. அது ஒரு பக்கம் நடக்கட்டும். அடுத்து டிராக்டரோ சென்சர் வைத்த சொட்டுநீர்ப் பெட்டியோ வாங்கப் போகும்போது டீலரிடம் ஒன்று கேளுங்கள்: இது நின்னுபோனா எங்க ஊர் மெக்கானிக் திறந்து பார்க்க முடியுமா, இல்லை உங்க லேப்டாப் வரணுமா? பதிலை பில்லிலேயே எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்குங்க.