உள்ளே எரியும் அடுப்பு

சித்திரை மாதத்துப் பிற்பகல். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் சாம்பல்நிற மயிலைப் பசுக்கள் வெள்வேல மரத்தடியில் நின்று நிதானமாக அசைபோடும். அதே ஊரில் கொட்டகைக்குள் கட்டியிருக்கும் கலப்பின மாடு வாயைத் திறந்து, எச்சில் ஒழுக மூச்சிரைத்துக்கொண்டிருக்கும். கொட்டகை மாட்டுக்கு நிழல் கூடுதல்தான். ஆனாலும் தவிப்பது அதுதான்.

வெயிலை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. மாட்டின் வயிற்றுக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது. தின்ற தீவனத்தை முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நொதிக்கவைக்கின்றன. அதில் சூடு பிறக்கிறது. மடி பாலை உருவாக்கும்போதும் சூடு பிறக்கிறது. இருபது லிட்டர் கறக்கும் ஹோல்ஸ்டீன் இன மாடு அதற்கேற்பத் தின்றாக வேண்டும். அடுப்பும் அதற்கேற்ப எரியும். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு 72-ஐத் தாண்டினாலே அதன் பால் குறையத் தொடங்கும் என்பது நெடுநாள் கணக்கு. காற்றில் பாதி ஈரப்பதம் இருக்கும் நாளில் வெறும் 25 டிகிரியிலேயே அந்த எண் வந்துவிடும். நமக்கு அது இதமான காலைப்பொழுது!

கொறங்காட்டில் நிற்கும் காங்கேயம் பசு நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் கறக்கும். அதன் அடுப்பு சிறியது. லிட்டரை மட்டும் எண்ணி அதை ஒதுக்கியவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவே இல்லை என்பது என் வருத்தம்.

உள்ளே பிறந்த சூட்டை வெளியேற்றுவதிலும் திமில் உள்ள நம் இனங்கள் கெட்டி. அவற்றின் வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, நெருக்கமானவை, தோலின் மேற்பரப்பை ஒட்டியவை. மயிர் குட்டையாக, வழவழப்பாக இருக்கும். செந்நிறமாகப் பிறக்கும் காங்கேயம் கன்று ஆறு மாதத்தில் மயிலையாக மாறும். வெளிர்மயிர் வெயிலைத் திருப்பியனுப்ப, அடியிலுள்ள கருந்தோல் புறஊதாக் கதிரைத் தடுத்துவிடுகிறது.

திமிலும் அலைதாடியும்தான் உடலைக் குளிரவைக்கின்றன என்று பலரும் நம்புகிறார்கள். 1950களில் அமெரிக்காவில் திமில் உள்ள சிவப்புச் சிந்தி இனக் காளைகளுக்கு அவ்விரண்டையும் அறுவை செய்து நீக்கிப் பார்த்தார்கள். வெப்பம் தாங்கும் திறனில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை.

கரீபியன் தீவான செயின்ட் குரோயில் உருவான செனபோல் மாட்டினத்துக்குத் திமிலே கிடையாது; ஆனாலும் அது வெயிலைத் தாங்கும். புரோலாக்டின் ஹார்மோனின் ஏற்பி மரபணுவில் உள்ள சிறு மாற்றத்தால் அதன் மயிர் மிகக் குட்டையாக வளர்கிறது என்று 2014-இல் கண்டறிந்தார்கள். கலப்பின் வழியாக அந்த மரபணுவைப் பெற்ற ஹோல்ஸ்டீன்களுக்குக் கோடையில் பால் அவ்வளவாகக் குறைவதில்லை.

நம் கொட்டகைகளில் இருப்பவை பெரும்பாலும் கலப்பினங்கள். அவற்றைக் காப்பாற்றியாக வேண்டும். மூச்சிரைக்கும் மாடு குறைவாக அசைபோடும். உமிழ்நீரும் வெளியே ஒழுகிவிடும். வயிற்றின் புளிப்பை அடக்குவது அந்த உமிழ்நீர்தான். மாட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் தெளித்தால் மட்டும் போதாது, காற்றும் ஓட வேண்டும். இல்லையென்றால் கொட்டகை புழுங்கி, வியர்வை உலராமல் போகும். தீவனம் போட்ட சில மணி நேரத்தில்தான் வயிற்றுச் சூடு உச்சத்துக்குப் போகும் என்பதால் உச்சிவேளைத் தீவனம் வேண்டாம். பெரும்பங்கைப் பொழுது சாய்ந்த பிறகு போட்டால், அந்தச் சூட்டை இரவுக் குளிர்ச்சி வாங்கிக்கொள்ளும். இரவும் புழுக்கமாக இருந்துவிட்டால், முதல்நாள் சூடு இறங்காமலே மாடு மறுநாள் வெயிலுக்குள் போகும்.