நினைத்தால் நடக்கும் கவசம்

சித்திரக் கதைகளில் கவசம் அணிந்த வீரர்களைக் கண்டிருப்பீர்கள். 1982இல் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட கதையொன்றில் டிஃபென்சர் என்னும் அர்ஜென்டினா வீரன் தோன்றினான். வைப்ரேனியம் என்ற கற்பனை உலோகத்தாலான அவனது கவசம் அடிகளைத் தாங்கியது. கால் செயலிழந்தவரை நடக்கவைக்கும் கவசம் உண்டா? அர்ஜென்டினாவின் அண்டை நாடான பிரேசிலில் அதையும் செய்து பார்த்தார்கள்.

நாம் நடக்க நினைத்ததும் மூளையின் கட்டளை தண்டுவடத்தின் வழியே கால் தசைகளை அடைகிறது. விபத்தில் தண்டுவடம் சிதைந்தால் அவ்வழி அடைபடும். மூளையோ கட்டளையிடுவதை நிறுத்துவதில்லை. பிரேசில் விஞ்ஞானி மிகெல் நிக்கோலெலிஸ் குழுவினர் இதையே பயன்படுத்தினர். தலையில் அணியும் தொப்பியிலுள்ள மின்முனைகள் மூளையின் நுண்ணிய மின்னலைகளை வாங்கும். கணிப்பொறி அவற்றிலிருந்து 'நட' என்னும் கட்டளையைப் பிரித்தறியும். உடனே, நீர்ம அழுத்தத்தால் இயங்கும் உலோகக் கால்கள் அசையும். பாதம் தரையில் படும்போது கையில் ஓர் அதிர்வு உண்டாகும். அதனால் அணிந்தவர் தரையை உணர்வார்.

2014 ஜூன் 12 அன்று சாவோ பாவ்லோ நகரில், உலகக் கோப்பைக் கால்பந்துத் தொடக்க விழாவில், கால்கள் செயலிழந்த இளைஞர் ஒருவர் இக்கவசத்துடன் பந்தை உதைத்தார்.

அதனினும் வியப்பான செய்தி 2016இல் வெளிவந்தது. ஓராண்டு பயிற்சி பெற்ற 8 பேருக்கும் செயலிழந்த பகுதியில் தொடு உணர்ச்சி ஓரளவு திரும்பியது. சில தசைகளைத் தாமே அசைக்கவும் முடிந்தது. அவர்கள் முழுதும் குணமடைந்துவிடவில்லை. ஆனால், தண்டுவடத்தில் அறுபடாமல் எஞ்சிய நரம்பிழைகள் பயிற்சியால் மீண்டும் இயங்கத் தொடங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.