நாயின் ரோமத்தில் விழும் சடை

தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர் என்று சென்னையின் தென்புறத்தே பரந்து கிடக்கும் குடியிருப்புகளில், வெயில் தாழ்ந்த பிறகு நாயைப் பிடித்துக்கொண்டு உலாவ வருகிறவர்களைச் சற்று நின்று கவனித்தால், முன்னாளில் இப்பகுதியில் அபூர்வமாகவே தென்பட்ட நீண்ட ரோமமுள்ள இனங்கள் இன்று தெருவுக்குத் தெரு பெருகியிருப்பது புலனாகும். 'பாமரேனியன்' என்ற பெயரால் நெடுங்காலமாக நம்மிடையே வளர்ந்துவரும் வெள்ளை ஸ்பிட்ஸோடு, இப்போது ஷிட்ஸு, லாசா ஆப்ஸோ, கோல்டன் ரெட்ரீவர் முதலியனவும் அடுக்குமாடி வீடுகளில் வாசம் செய்கின்றன. திபெத்தின் குளிரிலும் ஸ்காட்லாந்தின் ஈரக்காற்றிலும் உருவான ரோமத்தைச் சுமந்துகொண்டு, நம் கடலோரப் புழுக்கத்தில் அவை காலம் கழிக்கின்றன. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் நாட்டு நாய்கள் யாவும் குட்டை ரோமம் படைத்தவை. ஆகவே பரம்பரையாக நாய் வளர்த்த குடும்பங்களில்கூட, நீண்ட ரோமத்தைப் பேணும் பழக்கம் பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து சேர வழியில்லாமல் போயிற்று.

அதனால்தான், காதின் பின்புறத்திலும் அக்குளிலும் சடை கட்டிகட்டியாகத் தொங்க, நடப்பதற்கே தயங்கும் நாய்களை இன்று காண நேர்கிறது. பார்ப்பவர்கள் குளிப்பாட்டவில்லை போலும் என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். வளர்ப்பவர்களோ அடுத்த மாதம் முடிவெட்டிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறார்கள். வெறும் அழகுக் குறைவாக எண்ணப்படும் இந்த நிலை, நாயைப் பொறுத்தவரையில் இரவும் பகலும் ஓயாத வலியோடு கூடிய வியாதி என்பதையும், முற்றிய சடையை மழித்தெடுப்பதைத் தவிர அதற்கு இரக்கமுள்ள சிகிச்சை வேறில்லை என்பதையும் நாய் வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் அவசியம்.

சிக்கு சடையாவது எப்படி

மனிதனின் தலையில் ஒரு துவாரத்திலிருந்து ஓரிரு மயிர்கள் முளைப்பது போலன்றி, நாயின் சருமத்தில் ஒரே துவாரத்திலிருந்து முரட்டு ரோமம் ஒன்றும் அதைச் சூழ்ந்து மிருதுவான சிறு ரோமங்கள் பலவும் வெளிவருகின்றன. ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றில் இந்த உள்ரோமம் பருவந்தோறும் ஏராளமாக உதிர்கிறது. உதிர்ந்தது சீப்பினால் வெளியேற்றப்படாவிட்டால் மேல்ரோமத்துக்கு இடையிலேயே சிக்கிக்கொண்டுவிடுகிறது. ஷிட்ஸு போன்ற இனங்களில் உதிர்வது குறைவு, வளர்வது அதிகம். உதிரும் சிறிதளவும் தரையில் விழாமல் ரோமத்துக்குள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு ரோமத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய செதில்கள் உள்ளன. ஈரமும் உராய்வும் சேரும்போது அச்செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ஆட்டு ரோமத்தை நனைத்துத் தேய்த்துக் கம்பளமாக இறுக்கும் தொழிலில் நிகழ்வதும் இதுவேதான்.

உராய்வு மிகுந்த இடங்களிலேயே சடை முதலில் விழுகிறது. காதின் பின்புறம், கழுத்துப்பட்டையின் அடி, முன்னங்கால் அக்குள், தொடையிடுக்கு, வாலடி, விரல்களின் சந்து ஆகியவற்றை விரலால் தடவிப் பார்ப்பவர், மேலே பட்டுப்போல் தெரியும் ரோமத்துக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் முடிச்சுகள் உருளுவதை உணர்வார். மேலோட்டமாகப் பிரஷ் செய்கிறவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். நுனி மினுமினுக்கும், வேரடியோ இறுகிக்கொண்டே வரும். குட்டி ரோமம் மாறிப் பெரிய நாயின் ரோமம் வருகிற காலத்தில், அதாவது பெரும்பாலும் 8 முதல் 12 மாதத்துக்குள், சடை விழும் வேகம் அதற்கு முன்பும் பின்பும் இல்லாத அளவுக்கு இருக்கும்.

நமது பிரதேசத்தின் இயல்பும் இதற்குத் துணைசெய்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் நனைந்த நாய் எளிதில் உலர்வதில்லை. துண்டால் துடைத்துவிட்டாலும் உள்ரோமம் ஈரமாகவே இருக்கும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்ததுபோன்ற நாட்களில், மின்சாரமுமின்றி மாடியில் ஒண்டியிருக்கும் குடும்பம் நாயின் ரோமத்தை எப்படி உலர்த்த முடியும்? மழை ஓய்ந்தபின் காலி மனைகளில் மண்டும் நாயுருவியின் விதைகளோ ரோமத்தில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு புதிய முடிச்சுக்கு வித்தாகிவிடுகிறது.

ரோமத்துக்கு அடியில் நடப்பது

நாயின் மேல்தோல் மனிதனுடையதைவிட மிக மெல்லியது. நமக்குப் பத்துக்கு மேற்பட்ட உயிரணு அடுக்குகள் இருக்கும் இடத்தில், அதற்குப் பொதுவாக மூன்று முதல் ஐந்து அடுக்குகளே உண்டு. இந்த மெல்லிய தோலைத்தான் சடை இடைவிடாமல் பிடித்திழுக்கிறது. அக்குளில் சடை உள்ள நாய் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் இழுபடுகிறது. வாலடியில் உள்ளது உட்காரும்போதெல்லாம் வலிக்கிறது. மாடிப்படி ஏற மறுப்பதும், மடியில் தூக்க வந்தால் உறுமுவதும், சீப்பைக் கண்டவுடன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவதும், சாதுவான நாய் ஒருநாள் குழந்தையின் கையைக் கவ்விவிடுவதும் பல வீடுகளில் குணக்கேடு என்று கருதப்பட்டு, அந்த ஜீவன் அதற்காக அடியும் வாங்குகிறது. ரோமத்தைப் பிரித்துப் பாராமல் அதன் குணத்தைப் பற்றி எவரும் தீர்ப்புச் சொல்லலாகாது.

காற்றுப் புகாத சடைக்கு அடியில் உஷ்ணமும் ஈரமும் தங்குவதால், சாதாரணமாகத் தோலின்மேல் தீங்கின்றி வாழும் கிருமிகளும் பூஞ்சைகளும் பெருகுகின்றன. புளித்த வாடை முதல் அறிகுறி. பிறகு தோல் சிவந்து, கசிந்து, நாய் நக்கநக்கச் சில மணி நேரத்திலேயே உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிடும் ஈரப்புண் உண்டாகிறது. உண்ணிகளுக்கோ சடை ஒரு பத்திரமான கோட்டை. மருந்து எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் சாதாரணமாகக் காணப்படும் உண்ணிக் காய்ச்சலுக்குக் காரணமான எர்லிக்கியா, பபீசியா என்னும் கிருமிகள் இவ்வுண்ணிகளின் வழியாகவே நாயின் இரத்தத்தை அடைகின்றன. ஈறு வெளுத்தல், தீனி மறுத்தல், காய்ச்சல், மூக்கிலிருந்து இரத்தம் வடிதல் ஆகியவை கண்டால் சடையைப் பற்றிய யோசனையை ஒதுக்கிவிட்டு, உடனே வைத்தியரிடம் விரைய வேண்டும்.

இவற்றினும் கொடியது, வாலடியில் மலமும் சிறுநீரும் படிந்த சடையில் ஈக்கள் முட்டையிடுவது. ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து, புழுக்கள் உயிருள்ள சதையைத் தின்னத் தொடங்கிவிடும். மலத்துவாரத்தையே சடை அடைத்துக்கொண்டு நாய் வெளிக்குப் போகமுடியாமல் தவிப்பதும், காலைச் சுற்றி இறுகிய சடை இரத்த ஓட்டத்தைத் தடுத்துப் பாதம் வீங்கிப்போவதும் மிருக வைத்தியர்கள் நன்கு அறிந்த விஷயங்களே.

கோடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நன்கு சீவப்பட்ட ரோமத்தினூடே காற்று உலவும்; அது வெயிலை ஓரளவு தடுக்கவும் செய்யும். சடைபிடித்த ரோமத்தில் இவ்விரண்டும் இல்லை. நாய் நம்மைப்போல் உடலெங்கும் வியர்த்துத் தணிவதில்லை, பெரும்பாலும் மூச்சிரைத்தே உஷ்ணத்தை வெளியேற்றுகிறது. கத்திரி வெயிலில், தட்டை மூக்குள்ள ஷிட்ஸுவுக்கு அந்த வழியும் குறுகலானது.

முதலில் கைவைக்கக் கூடாத உபாயங்கள்

குளிப்பாட்டிவிட்டால் சடை இளகும் என்ற எண்ணமே மிகப் பரவலானதும் மிகத் தவறானதுமாகும். நீர் பட்டு உலரும் சடை முன்னினும் இறுகும். உள்ளே தங்கிய ஈரமும் சோப்பும் புண்ணுக்கு வழிசெய்யும். அவிழ்க்க வேண்டியதை அவிழ்த்து, மழிக்க வேண்டியதை மழித்த பிறகே ஸ்நானம்.

கத்தரிக்கோலை எடுப்பது அதனினும் ஆபத்தானது. சடை தோலைத் தன்னுள் இழுத்துக் கூடாரம்போல் உயர்த்தி வைத்திருக்கும்; ரோமம் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் கண்டறிய இயலாது. 'முடியைத்தான் வெட்டினேன்' என்று எண்ணியவர், கையில் இரத்தத்தோடு தையல் போட ஓடுவது அடிக்கடி நேர்வது. மண்ணெண்ணெய், பினாயில், டெட்டால் ஆகியவற்றைத் தடவுவோரும் உளர்; நாய் தன் உடலை நக்கும் பிராணி என்பதை அவர்கள் தயவுசெய்து நினைவிற்கொள்ள வேண்டும்.

சிறு சிக்கை அவிழ்த்தல்

சடைக்கும் தோலுக்கும் இடையே விரல் நுழையுமானால், அது இன்னும் அவிழக்கூடிய நிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம். சிறிது சோளமாவைத் தூவி, முடிச்சின் அடியை இடக்கை விரல்களால் தோலோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலுக்குப் போகாது. பிறகு வலக்கை விரல்களாலேயே இழைஇழையாகப் பிரித்து, நுனியிலிருந்து தொடங்கி வேரை நோக்கிச் சிறிதுசிறிதாகச் சீவ வேண்டும். வளைந்த கம்பிப் பற்களுள்ள ஸ்லிக்கர் பிரஷும் உலோகச் சீப்பும் போதும். நாய் முகத்தைத் திருப்பினாலும், உதட்டை நக்கினாலும், உடலை விறைத்தாலும் அத்துடன் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். முடிச்சுகள் நாலைந்துக்கு மேல் இருந்தால் இந்த முயற்சி வேண்டாம்.

மழிப்பதே உசிதம் என்னும் நிலை

சடைகள் ஒன்றோடொன்று சேர்ந்து தோலோடு ஒட்டிவிட்டபின், 'முடியைக் கொஞ்சமாவது காப்பாற்றிக் கொடுங்கள்' என்று கேட்பது, அந்த நாயை மணிக்கணக்கில் துன்புறுத்துங்கள் என்று கேட்பதற்கு ஒப்பாகும். ரோமம் மீண்டும் வளரும். இதைச் சொல்லும்போது சிலருக்கு வருத்தம் உண்டாகலாம். ஆயினும் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய அந்த நீண்ட ரோமம் நம் கண்ணுக்கே இன்பமளித்தது என்பதையும், நாய்க்கு அதில் தனிப்பட்ட பெருமை எதுவும் இல்லை என்பதையும் எண்ணிப் பார்த்தால் மனம் ஆறிவிடும்.

இதற்கென உள்ள மின் கிளிப்பரில் பத்தாம் எண் பிளேடு பொருத்தி, சடையின்மேல் அல்லாமல் சடைக்கும் தோலுக்கும் நடுவே, தோலைச் சமமாக இழுத்துப் பிடித்தபடி மெல்ல ஓட்டுவதே முறை. அது தோலின்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு ரோமத்தை விட்டுச் செல்லும். இடைவெளியுள்ள பெரிய பற்களைக் கொண்ட பிளேடுகள் தோல் மடிப்பை வெட்டிவிடக்கூடியவை. ஓடஓடப் பிளேடு சூடேறுவதால், ஓட்டுகிறவர் அதைத் தம் கையில் அடிக்கடி வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காத இடத்துக்கு நாயை ஒப்படைக்காதீர்கள். முற்றிய சடை தனித்தனி மயிராக உதிர்வதில்லை. முதுகிலிருந்து விலா வரை ஒரே தகடாகச் சுருண்டு கழன்று வரும்.

வலி மிகுந்த நாய்க்கும், புண்ணோ புழுவோ உள்ள நாய்க்கும் முடிவெட்டும் கடை போதாது. வைத்தியர் மயக்கமளித்து மழிப்பதே நல்லது. முதிய நாயாயின் இருதயத்தையும் இரத்தத்தையும் முன்கூட்டியே பரிசோதிப்பார்கள்; தட்டை மூக்குள்ள இனம் என்றால் மயக்கத்தின்போது சுவாசத்தில் தனிக் கவனம் வைப்பார்கள்; எத்தனை மணி நேரம் தீனி நிறுத்த வேண்டும் என்பதை அவர்களையே கேட்டறிய வேண்டும். பக்கத்து வைத்தியசாலையில் இவ்வசதி இல்லையென்றால், 1903-ல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் நடத்தும் மருத்துவமனை இருக்கிறது. தெருவில் கைவிடப்பட்டுச் சடையோடு திரியும் நாயைக் கண்டால், 1964 முதல் இந்நகரில் தொண்டாற்றிவரும் புளூ கிராஸ் சங்கத்துக்குத் தெரிவிக்கலாம். அதன் இல்லம் கிண்டி-வேளச்சேரிச் சாலையில் உள்ளது. ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் அயராத முயற்சியின் பயனாக உருவான 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டமும், ஒரு பிராணியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்கு அநாவசியமான வலி நேராமல் காப்பது கடமை என்றே விதிக்கிறது.

மழித்த பின்னர்

சடை நீங்கியதும் வெளிப்படும் தோல் சிவந்தும், ஆங்காங்கே கன்றியும், புண்பட்டும் இருக்கக் காண்பீர்கள். பெரும்பாலும் அவை சடையினால் முன்பே உண்டானவை. மழித்தவரைக் கோபிப்பதற்குமுன் வைத்தியரிடம் காட்டுங்கள். காதுமடலில் தொங்கிய கனத்த சடையை எடுத்தபின் நாய் தலையை வேகமாக உதறும். அதனால் மடலுக்குள் இரத்தம் கட்டிப் பொம்மென்று வீங்குவதுண்டு. ஓரிரு நாள் காதைக் கவனித்துவர வேண்டும். காலை வெயில் ஏறுமுன்னும் மாலை மங்கிய பின்னும் மட்டும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். பலநாள் மறைந்திருந்த தோல் வெயிலில் எளிதில் வெந்துபோகும்.

குளிப்பாட்டிச் சில நாட்களுக்குள் நாய்க்குக் காய்ச்சல் கண்டு, முதுகைத் தொட்டால் அலறி, அங்கே கட்டிகள் எழும்புமாயின், அது சீவியபோது காயம்பட்ட ரோமத் துவாரங்களில் கிருமி புகுந்ததன் விளைவாயிருக்கலாம். நீர் கலந்து நாள்பட வைத்திருந்த ஷாம்பு இதற்கு ஒரு முக்கிய காரணம். வேண்டிய அளவை அப்போதைக்கப்போது கலந்து, மீதியைக் கொட்டிவிட வேண்டும். இந்நோய் கண்டால் வைத்தியரிடம் செல்ல ஒரு நாள்கூடக் காத்திருக்கலாகாது.

ஸ்பிட்ஸ், ஹஸ்கி போன்ற இரட்டை ரோமமுள்ள இனங்களை, சடை இல்லாதபோதும் 'கோடைக்கு இதமாயிருக்கும்' என்று மொட்டையடிக்கும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. அவற்றுக்குச் சில சமயம் மாதக்கணக்கில், ஓராண்டுகூட, ரோமம் முளைக்காமல் போவதுண்டு. சடைக்காக மழிப்பது சிகிச்சை. அதைச் சௌகரியத்துக்காக மழிப்பதோடு சேர்த்து எண்ணக் கூடாது.

வயோதிகர் வீட்டு நாய்கள்

சடை விழாமல் தடுக்கத் தினம் பத்து நிமிஷம் போதும். ரோமத்தை வகிடெடுத்தாற்போல் பிரித்து, தோல் கண்ணுக்குத் தெரியும்படி வரிசைவரிசையாக வேரிலிருந்து சீவிக்கொண்டு வந்து, கடைசியில் உலோகச் சீப்பு தடையின்றி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டால் சடைக்கு இடமில்லை. ஆனால் நம் புறநகர் வீடுகளில் இந்தப் பத்து நிமிஷமும் இயலாதவர்களிடமே பல நாய்கள் இருக்கின்றன. பிள்ளைகள் வாங்கி, ஓரிரு வருஷம் கொஞ்சி, உத்தியோகத்துக்காக வெளியூரோ வெளிநாடோ போய்விட, மூட்டுவலியால் விரல் மடங்காத தாய் தகப்பனிடம் அவை தங்கிவிடுகின்றன. அன்புக்குக் குறைவில்லை, குனிந்து சீவத்தான் உடம்பு இடங்கொடுப்பதில்லை.

அத்தகைய வீட்டில் ஷிட்ஸுவோ லாசாவோ இருந்தால், ரோமத்தை அரை அங்குலத்துக்கு மேல் வளரவிடாமல் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிட ஏற்பாடு செய்வதே சரியான வழி. வீட்டுக்கே வந்து வெட்டுகிறவர்கள் இப்போது தாம்பரம் பக்கத்தில் கிடைக்கிறார்கள். அந்தச் செலவைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளட்டும். இடைநாட்களில் பெரியவர்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே காதின் பின்புறத்தையும் அக்குளையும் வாலடியையும் விரலால் தடவிப் பார்த்து, முடிச்சு தட்டுப்பட்டால் வெட்டுகிறவரை முன்னதாகவே வரச் சொல்லிவிடலாம்.