எல்லா மேடைக்கும் ஏற்ற ஒரே அம்பிளிபையர் எது?

வீணையும் வயலினும் புல்லாங்குழலும் தம் ஒலியைத் தாமே எழுப்ப வல்லன. மின் கிற்றாருக்கு அந்த ஆற்றல் இல்லை. அதன் தந்திகளை மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கு மாத்திரம் மெல்லியதொரு ஒலி கேட்கும், அவ்வளவே. தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருள் ஒன்று நுண்ணிய மின்னலைகளாக மாற்றுகின்றது. அவ்வலைகளைப் பெருக்கி, ஸ்பீக்கர் வழியாக நம் செவிக்கு எட்டச் செய்வது அம்பிளிபையர் என்னும் பெட்டியாகும். பள்ளிப் பாடநூல்கள் இதனை விரியலாக்கி என்று கூறும். ஆகவே, கையில் ஏந்தியிருப்பது கருவியின் ஒரு பாதி. தரையில் வீற்றிருப்பது அதன் மறு பாதி என்று சொல்வது தகும்.

இந்த மறு பாதியைத் தெரிந்தெடுக்கும் வேளையிலேதான் இளைஞர்களும் அவர்தம் பெற்றாரும் திகைத்து நிற்கின்றனர். அறையிலே பயில ஒன்று, மேளத்துடன் ஒத்திகை பார்க்க ஒன்று, மண்டபத்துக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று என நான்கு பெட்டிகள் வாங்க எக்குடும்பத்துக்கு இயலும்? வாங்கக்கூடியது ஒன்றேயாயின், அஃது எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? இக்கேள்விக்கு விடை காண்பதே நமது இன்றைய நோக்கம்.

பெட்டி பிறந்த கதை

1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்க நடனக் குழுக்களில் எக்காளங்களுக்கும் மேளங்களுக்கும் நடுவே கிற்றாரின் ஒலி அமுங்கிப் போயிற்று. இக்குறையைப் போக்கவே மின் கிற்றார் தோன்றியது. 1932ஆம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. 1939இல் பெனி குட்மன் குழுவிற் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்னும் இளைஞர், அதுவரை பெரும்பாலும் தாளத்துக்குத் துணை நின்ற கிற்றாரைத் தனித்து நின்று பேச வைத்தார். 1942இல், தமது 25ஆவது வயதில், அவர் காலமானார். எனினும் அவர் திறந்த வாசல் பின்னர் அடைபடவே இல்லை.

கலிபோர்ணியாவின் புலர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. ஆயினும் வாசிப்பவர்கள் கூறிய குறைகளைச் செவிமடுத்து, உறுதியும் எளிமையும் வாய்ந்த அம்பிளிபையர்களை அவர் ஆக்கினார். இலண்டனிலே மேளம் கற்பித்தும் இசைக்கருவிக் கடை நடத்தியும் வந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டரின் பாஸ்மன் என்னும் பெட்டியைப் பின்பற்றி 1962இல் தமது முதற் பெட்டியை வெளியிட்டார். இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டிலிருந்து வந்த வொக்ஸ் ஏ.சி.30, ஷடோஸ், பீற்றில்ஸ் முதலிய குழுக்களால் உலகறிந்த பெயராயிற்று.

பெருமை மயக்கம்

பெட்டி வாங்கச் செல்பவர் முதலில் வினவுவது, "எத்தனை வாட்?" என்பதேயாகும். எண் பெரிதானால் ஒலியும் அவ்வளவு பெரிதாகும் என்பது பலரின் நம்பிக்கை. செவியின் கணக்கோ வேறு. மின்வலுவை இரட்டித்தால் ஒலி மட்டம் 3 டெசிபல் மாத்திரமே உயரும். ஒலி இரு மடங்கானது போல நமக்குத் தோன்ற வேண்டுமாயின் வலுவை ஏறத்தாழப் பத்து மடங்காக்க வேண்டும். எனவே, ஒரே வகை ஸ்பீக்கரில், 85 வாட் பெட்டி 22 வாட் பெட்டியிலும் நான்கு மடங்கு உரத்துப் பேசுவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மடங்கே உரத்துப் பேசும். ஆனால் அதன் விலையும் பளுவும் வாங்குபவர் தலையில் முழுமையாகவே விழும்.

வாட் எண்ணிக்கை எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு வரலாற்றிலே சான்று ஒன்றுண்டு. 1965 ஆகஸ்ட் 15ஆம் தேதி நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் ஏறத்தாழ 55,000 இரசிகர் முன்னிலையில் பீற்றில்ஸ் குழுவினர் வாசித்தனர். அவர்களுக்கென வொக்ஸ் நிறுவனம் 100 வாட் அம்பிளிபையர்களை வழங்கியிருந்தது. அந்நாளில் அவை பெரியவை. ஆயினும் இரசிகரின் ஆரவாரத்திலே குழுவினருக்குத் தம் வாசிப்பே சரிவரக் கேட்கவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. பெரிய மேடைகளில் அம்பிளிபையரின் முன்னே ஒலிவாங்கி ஒன்றை வைத்து, அரங்கின் பொது ஒலியமைப்பு வழியாகச் சபை முழுவதற்கும் இசையைச் சேர்ப்பிக்கின்றனர். கடைசி வரிசையில் இருப்பவருக்கு எட்டச் செய்வது இன்று பெட்டியின் வேலையன்று. வாசிப்பவருக்கும் அவர் தோழர்களுக்கும் நல்லொலியைத் தருவதே அதன் கடமை. பெரிய பெட்டியின் தேவை இவ்வாறு பெரும்பாலும் ஒழிந்து போயிற்று.

சிறியதிற் பிறக்கும் இனிமை

சிறிய பெட்டிக்கு மற்றுமொரு சிறப்பும் உண்டு. வால்வு பொருத்திய அம்பிளிபையர் தன் எல்லையை நெருங்கும்போது மின்னலையின் உச்சிகள் மெல்ல மழுங்குகின்றன. அதனாற் புதிய மேற்சுரங்கள் கலந்து, கிற்றாரின் குரல் தடித்துக் கனிகின்றது. மேலைநாட்டு இசைவாணர் பெரிதும் விரும்பும் கரகரப்பு இதுவே. 85 வாட் பெட்டியில் அந்தக் கனிவை எட்டுமுன் கேட்பவர் காதைப் பொத்திக்கொள்வர். 5 வாட் பெட்டியில் அது எளிதிற் கிட்டும். எரிக் கிளாப்ரன் 1970இல் 'லேலா' இசைத்தட்டுக்காக ஒலிப்பதிவு செய்தபோது, ஏறத்தாழ 5 வாட் வலுவே கொண்ட ஃபெண்டர் சாம்ப் என்னும் சின்னஞ்சிறு பெட்டியைப் பயன்படுத்தினார். இசைத்தட்டைக் கேட்பவருக்கு அது சிறியதென்று தோன்றுமோ?

அப்படியாயின் 5 வாட் பெட்டியையே வாங்கிவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். மேளம் முழங்கத் தொடங்கியதும் அதன் தெளிந்த குரல் அடிபட்டுப் போகும். அது வீட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் உகந்தது, ஒத்திகைக்கு உதவாது.

நம் தெரிவு

போட்டியிலுள்ள பெரியவற்றையும் சற்றே நோக்குவோம். 85 வாட் ட்வின் ரிவர்ப் மாசற்ற தெளிவொலி தரும். ஆனால் ஏறத்தாழ 30 கிலோ பளுவுடையது. வொக்ஸ் ஏ.சி.30 மணியோசை போன்ற மினுமினுப்புக்குப் பேர்பெற்றது. பளுவில் அதுவும் இளைத்ததன்று. யப்பானிய ரோலண்ட் நிறுவனம் 1975இல் வெளியிட்ட ஜே.சி.120, வால்வு இல்லாத டிரான்சிஸ்டர் பெட்டி. பளிங்கு போன்ற குரலும், பலர் சேர்ந்து இசைப்பது போன்ற 'கோரஸ்' அலையும் அதன் சிறப்பு. கரகரப்பை விரும்புவோர்க்கு அது இசைவதில்லை.

இவை யாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்கின், ஒன்றே ஒன்று எனக் கேட்போருக்கு நாம் சுட்டுவது 1963இல் தோன்றிய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் என்னும் பெட்டியையே. அதன் வலு 22 வாட். ஸ்பீக்கர் ஒன்று, 12 அங்குலம். பளு ஏறத்தாழ 42 றாத்தல், அதாவது 19 கிலோ. ஒருவர் தனியே தூக்கிச் செல்லலாம். ஒலிக் குமிழைத் தாழ்த்தி வைத்தால் தெளிந்த குரல். உயர்த்தினால் கனிந்த கரகரப்பு. உள்ளேயுள்ள சுருள்விற்கள் வழியே ஒலியைச் செலுத்தி, பெரிய மண்டபத்தின் எதிரொலியைச் சிற்றறையிலும் உண்டாக்கும் வசதியும் உண்டு. அளவோடு அடிக்கும் மேளக்காரருடன் ஒத்திகை பார்க்கலாம். ஒலிவாங்கியை முன்னே வைத்தால் பெரிய மேடைக்கும் போதும்.

குறையில்லையா என்றால், உண்டு. உரத்த மேளத்துக்கு எதிரே முற்றுந் தெளிந்த குரல் வேண்டுவோருக்கு இது தளரும். இடிபோல் முழங்கும் 'மெட்டல்' இசைக்கு இஃது ஏற்றதன்று. சிற்றறையிலோ 22 வாட்டும் மிகையே. அம்பிளிபையர்களின் குரலைக் கணிப்பொறி முறையிற் போலச்செய்யும் கருவிகள் 1990ஆம் ஆண்டுகளிலேயே பரவலாயின. இதே டீலக்ஸ் ரிவர்ப்பின் அத்தகைய வடிவம் 2019இல் வெளிவந்தது. அதன் பளு ஏறத்தாழப் பாதியே. பின்புறமுள்ள திருகினால் வலுவைப் படிப்படியாகக் குறைக்கவும் இயலும்.

மாணவர்கள் விலையுயர்ந்த பெட்டிக்காகப் பெற்றாரைக் கடன்பட வைத்தல் வேண்டா. பெயரை விட்டு இலக்கணத்தைக் கொள்க: நடுத்தர வலு, நல்ல ஸ்பீக்கர் ஒன்று, தனியே தூக்கத்தக்க பளு, தாழ்ந்த ஒலியிலும் கெடாத குரல். இவை அமைந்த எளிய பெட்டி எந்நாட்டதாயினும் நன்றே.

வீட்டார் கவனத்துக்கு

இரண்டு எச்சரிக்கைகளைப் பெற்றார் மனத்திற் பதித்தல் நன்று. முதலாவது செவியைப் பற்றியது. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்டல் ஆகாது என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர் வகுத்த அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலாயின் 15 நிமிடமே. இழந்த செவிப்புலனை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இரண்டாவது மின்சாரத்தைப் பற்றியது. அமெரிக்க வீடுகளில் மின்னழுத்தம் 120 வோல்ட். இலங்கையில் 230 வோல்ட். அங்கிருந்து உறவினர் அனுப்பும் பெட்டியை ஆராயாமற் சொருகினால் அது கருகிப்போகும். புவித்தொடுப்பில்லாத இணைப்போ உயிரையே வாங்கும். ஸ்கொத்லாந்து கிற்றார் கலைஞர் லெஸ் ஹாவி 1972இல் சுவான்சி நகர மேடையிலே, புவித்தொடுப்பு அற்ற ஒலிவாங்கியைத் தொட்டு மாண்டார். வால்வுப் பெட்டியின் உட்பாகங்களிலோ மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். பழுதானால் தேர்ந்தவரிடம் ஒப்படைத்தலே முறை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர் முன்னோர். அம்பிளிபையருக்கும் அது பொருந்தும். அளவான பெட்டியொன்றை வாங்கி, அதன் ஒவ்வொரு குமிழின் இயல்பையும் ஆண்டுக்கணக்கிற் பழகி அறிந்தவன் கையிலே அது பல பெட்டிகளின் வேலையைச் செய்யும். மிச்சப்படும் பணம் நல்லாசிரியர் ஒருவரிடம் பயில உதவுமாயின், அதனினும் சிறந்த முதலீடு வேறில்லை.