வெந்தயம்... மருந்துக்குத் துணைதான், மாற்று அல்ல!

ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவில் தண்ணீரில் ஊறவைத்தால், காலையில் வழவழப்பு கூடியிருக்கும். அது கரையும் நார்ச்சத்து. மலச்சிக்கலுக்கு ஊறிய வெந்தயம், வயிற்றுக்கடுப்புக்கு மோரில் வெந்தயம், பிள்ளை பெற்றவர்களுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்த வெந்தயக்களி என்று நம் வீடுகளில் கொடுத்துவருகிறார்கள்.

உணவிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தையும் இந்த நார்ச்சத்து குறைக்கிறது. அதனால்தான் சர்க்கரை நோயாளிகள் வெந்தயத்தைத் தேடுகிறார்கள். ஆனால், 'வெந்தயம் சாப்பிடுகிறோமே' என்று மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையோடு வெந்தயத்தையும் அதிகமாகச் சாப்பிட்டால், சர்க்கரை அளவுக்குமேல் இறங்கி வியர்வை, கைநடுக்கம், மயக்கம் வரலாம். வெறும் வயிற்றோடு வயலுக்குப் போகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். தினமும் சாப்பிடுவதாக இருந்தால், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் அப்படியே. கர்ப்பிணிகள் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம்... விதைப்புக்கு வாங்கி, பூஞ்சணக்கொல்லி கலந்த வெந்தயத்தை ஒருபோதும் சமையலுக்கு எடுக்கக் கூடாது. அஞ்சறைப்பெட்டி வெந்தயத்தைத் தாராளமாக விதைக்கலாம். சுமார் 25 நாள்களில் கீரை பறிக்கலாம்.